பதினெட்டு லிட்டர் பெட்டியும் தாம்பரத்து வெயிலும்

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு டிசம்பர் மாதத்தில் ஒரு வரிசை மனப்பாடம். அடையாற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் மாடிக்கு எது முதலில் போகவேண்டும் என்ற வரிசை. பத்திரம், சர்டிஃபிகேட், அரிசி மூட்டை, சிலிண்டர், டிவி. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த வரிசைக்குள் புதிதாக ஒன்று நுழைந்திருக்கிறது: மகன் அடம்பிடித்து வாங்கவைத்த, அல்லது மகள் தன் முதல் போனஸில் தானே வாங்கிக்கொண்ட கேமிங் கம்ப்யூட்டர்.

பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் மூன்று கலர் ஃபேன், கீழே தனி அறையில் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். இப்படி ஒரு டவர் கேபினட் உள்ளே எல்லாம் பொருத்திய பிறகு பத்துப் பதினைந்து கிலோ வரும். கணுக்கால் தண்ணீரில், கரண்ட் போன இருட்டில், குறுகலான மாடிப்படியில் அதைத் தூக்கிப்போவது லேசான வேலையில்லை. கைப்பிடி கிடையாது, கண்ணாடி வேறு.

சிறிய கேபினட் தேடுவதற்கு வெள்ளம் ஒரு காரணம்தான். அன்றாடக் காரணம் வீடு. சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் கட்டில், பீரோ, அயர்ன் செய்யாத துணி மூட்டை எல்லாம் போக மிஞ்சுவது மூன்றடி மேஜை. சோழிங்கநல்லூர் ஐ.டி. வேலைக்காக பி.ஜி.யில் தங்கியிருப்பவருக்கு அதுவும் பாதி. வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறவர்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கம்ப்யூட்டரையும் கொண்டுபோக நினைக்கிறவர்கள் இவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். திரிசூலத்தில் விமானம் ஏறுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமாக அனுமதிக்கும் 55, 35, 25 சென்டிமீட்டர் அளவுக்குள் சிறிய கேபினட்டுகள் அடங்கிவிடும். 7 கிலோ எடை வரம்பில்தான் பெரும்பாலும் இடிக்கும்.

அதனால் சிறியதாக வாங்குவது சரிதான். எவ்வளவு சிறியது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். யூடியூபில் ஐரோப்பியக் குளிரில் எடுத்த வீடியோவைப் பார்த்து, ஷூ டப்பா அளவு கேபினட்டை ஆர்டர் செய்து, மே மாதம் முதல் வாரத்தில் அதன் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிறார்கள். லிட்டரைப் பார்த்துக் கேபினட் வாங்காதீர்கள், உங்கள் அறையைப் பார்த்து வாங்குங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

லிட்டர் கணக்கு

சிறிய கேபினட் உலகத்தில் அளவை லிட்டரில்தான் சொல்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தை மில்லிமீட்டரில் பெருக்கி பத்து லட்சத்தால் வகுத்தால் லிட்டர். தென்சென்னைப் புறநகர்க்காரர்களுக்கு இதைக் கண்ணால் காட்டுவது சுலபம். வாசலில் நிற்கும் வாட்டர் கேன் 20 லிட்டர். அதற்குள் அடங்கும் எதையும் பொதுவாகச் சிறிய வடிவம் என்கிறார்கள். சாதாரண ஏடிஎக்ஸ் டவர்கள் 40, 50 லிட்டரைத் தாண்டிப் போகும்.

இந்தச் சுருக்கத்துக்கு அடிப்படை போட்டது தைவானின் வியா நிறுவனம். 2001-ல் அது கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் போர்டு 170 மில்லிமீட்டர் சதுரம். வழக்கமான ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244. முதலில் கடை பில்லிங் மெஷினுக்கும் அறிவிப்புத் திரைக்கும் பயன்பட்ட அந்தக் குட்டி போர்டைக் கேமிங்குக்கு இழுத்துவந்ததில் பெரிய கம்பெனிகளைவிட ஆர்வலர்களின் பங்கு அதிகம். 12.6 லிட்டர் என்கேஸ் எம்1 கேபினட்டும், ஜெர்மனியின் டேனியல் ஹான்சன் வடிவமைத்த 7.2 லிட்டர் டேன் ஏ4 கேபினட்டும் கூட்டு நிதி திரட்டி உருவானவை. 2020-ல் கூலர் மாஸ்டர் தன் 18.25 லிட்டர் என்ஆர்200-ஐ இறக்கியபோது சாதாரண பட்ஜெட்காரர்களுக்கும் கதவு திறந்தது. இன்று ஃப்ராக்டலின் டெரா 10.4 லிட்டர், லியன் லீ ஏ4 எச்2ஓ 11 லிட்டர் என்று வரிசை நீள்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, 2020-ல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 5 பத்தரை லிட்டர்.

உள்ளமைப்பில் இரண்டு வகை. ஒன்று, பழைய டவரையே சுருக்கியது. போர்டில் கிராஃபிக்ஸ் கார்டு நேரடியாகச் செருகியிருக்கும். என்ஆர்200 இந்த ரகம். இன்னொன்று, போர்டும் கார்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க, நடுவில் ரைசர் கேபிள் இரண்டையும் இணைப்பது. இதை சாண்ட்விச் என்கிறார்கள். டேன் ஏ4, டெரா எல்லாம் இதில் சேரும். சாண்ட்விச்சில் கார்டு பக்கவாட்டு வலை வழியாக வெளிக்காற்றை நேராக இழுத்துக்கொள்ளும் என்பதால் கார்டு பிழைத்துக்கொள்ளும். மாட்டிக்கொள்வது பிராசஸர். டெராவில் நடுத் தட்டை எப்படி நகர்த்தினாலும் கூலரின் உயரம் 77 மில்லிமீட்டரைத் தாண்ட முடியாது. கார்டுக்கு அதிக இடம் கொடுத்தால் அது 48-க்கு இறங்கிவிடும். என்ஆர்200-ல் 155 வரை போகலாம். அதாவது வழக்கமான டவர் கூலர்களில் பல அப்படியே உள்ளே போகும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்துக் கணக்கு

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது விதிவிலக்கு என்று வைத்துக்கொண்டாலும், கத்திரி வெயிலில் மீனம்பாக்கம் 40-ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை மாலை 7 மணிக்கும் 35, 36 டிகிரியில்தான் இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் அப்போதுதான் திருப்பித் தரும். ஆபீஸ் முடித்து வருகிறவர் கேம் ஆட உட்காரும் நேரமும் அதுதான்.

கேபினட் விமர்சனங்களை 20-லிருந்து 25 டிகிரிக்குள் வைத்த அறையில்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் உள்ளே இருக்கும் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். விமர்சகர் 22 டிகிரி அறையில் பிராசஸர் 75 டிகிரி என்று சொன்னால், உங்கள் 36 டிகிரி அறையில் அது 89. கேமிங்குக்குப் பலரும் விரும்பி வாங்கிய ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸருக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பும் அதே 89-தான். அதற்கு மேல் போகவிடாமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது, பயப்பட வேண்டாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கோடையில் கைக்கு வராது. ஃபேன் கத்தும் கத்தலில் பக்கத்து ரூமில் தூங்குகிறவர் எழுந்து வந்துவிடுவார்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கேபினட் சூட்டைக் குறைப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. 300 வாட் சாப்பிடும் கம்ப்யூட்டர், சின்னப் பெட்டியில் இருந்தாலும் பெரிய பெட்டியில் இருந்தாலும், அறைக்குள் 300 வாட் சூட்டைத்தான் கொட்டும். ஜன்னல் சாத்திய பத்துக்குப் பத்து அறையில் இரண்டு மணி நேரம் ஆடினால் அறையே ஓரிரு டிகிரி ஏறும். அந்தச் சூடேறிய காற்றையே கேபினட் மறுபடி இழுக்கும். ஆகவே சிறிய கேபினட்காரர் முதலில் தேடவேண்டியது குறைவாகச் சாப்பிடும் பாகங்களை. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட், 5060 டிஐ 180 வாட், 5070 வந்தால் 250, அதன் டிஐ 300. ஏசி இல்லாத அறைக்கு 180 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 250 வாட் கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அண்டர்வோல்ட் செய்யலாம். அதே வேகத்தைக் குறைந்த மின்னழுத்தத்தில் எடுக்கப் பழக்குவது. மென்பொருளில் அரை மணி நேர வேலை. வேகத்தில் இழப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு, சூட்டில் குறைவது கைக்குத் தெரியும் அளவு. ரைசன் பிராசஸர்களில் பயோஸுக்குள் எகோ மோடு இருக்கிறது. 65 வாட் வகைக்கு மாற்றினால் பிராசஸரின் மொத்தச் சாப்பாடு 88 வாட்டுக்குள் அடங்கும்.

என்னைக் கேட்டால் ஏசி இல்லாத தாம்பரம் அறைக்கு 15-லிருந்து 20 லிட்டர் வரை உள்ள, நான்கு பக்கமும் வலை போட்ட கேபினட்தான் சரியான அளவு. பத்து லிட்டர்ப் பெட்டிகள் அழகுதான். டெராவின் மரப்பட்டியைப் பார்த்து மனம் போகத்தான் செய்யும். அவை ஏசி போட்டு ஆடுகிறவர்களுக்கானவை. கண்ணாடிப் பக்கத்தை எந்த அளவிலும் தவிர்த்துவிடலாம். என்ஆர்200-ன் இன்னொரு வகையான என்ஆர்200பி கேபினட்டில் கண்ணாடிக் கதவும் கொடுப்பார்கள், துளையிட்ட இரும்புக் கதவும் கொடுப்பார்கள். இரும்பை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பரணில் போட்டுவிடுங்கள்.

கார்டு முதலில், கேபினட் கடைசியில்

டவர் வாங்குகிறவர் எந்த வரிசையில் வாங்கினாலும் கடைசியில் எல்லாம் பொருந்திவிடும். சிறிய கேபினட்டில் அப்படி இல்லை. கிராஃபிக்ஸ் கார்டை முடிவு செய்துவிட்டு, அதன் நீளம், உயரம், தடிமன் மூன்றையும் எழுதிக்கொண்டு பிறகுதான் கேபினட் பார்க்கவேண்டும். என்ஆர்200-ல் 330 மில்லிமீட்டர் நீளம் வரை கார்டு போகும். ஏசுஸின் ஸ்ட்ரிக்ஸ் 4090 கார்டு 357 மில்லிமீட்டர். 27 மில்லிமீட்டர்தானே என்று எந்த மெக்கானிக்காலும் அதைத் தட்டி உள்ளே ஏற்ற முடியாது.

நீளத்தைப் பார்க்கிறவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். கார்டின் தலையில் செருகும் பவர் கேபிள் மடங்குவதற்கும் இடம் வேண்டும். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் புதிய 16 பின் கனெக்டர் உருகியது உலகமெங்கும் பேசப்பட்டது. கனெக்டர் முழுதாக உள்ளே அழுந்தாததுதான் காரணம் என்று என்விடியா சொன்னது. இடமில்லாத பெட்டியில் கேபிளை வாயருகிலேயே மடக்கி, கதவை அழுத்தி மூடினால் கனெக்டர் மெல்ல நெகிழும். செருகின இடத்திலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டராவது கேபிள் நேராக வந்து பிறகு வளையவேண்டும். அந்த இடத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இந்தத் தலைவலியைக் குறைக்க 2024 ஜூனில் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியை ஒட்டி என்விடியா ஒரு வரையறை வெளியிட்டது. 304 மில்லிமீட்டர் நீளம், கேபிள் மடங்கும் இடத்தையும் சேர்த்து 151 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் தடிமன். இதற்குள் அடங்கும் கார்டுகளையும், இதை ஏற்கும் கேபினட்டுகளையும் சிறிய வடிவத்துக்குத் தயாரானவை என்று அடையாளம் காட்டுகிறார்கள். தயாரிப்பாளர்கள் தாமாகவே கடைப்பிடிப்பதுதான், கட்டாயமில்லை. ஆனாலும் மூன்று வருடம் கழித்து கார்டு மாற்றும்போது கேபினட்டையும் சேர்த்து மாற்றவேண்டிய ஆபத்து இதில் குறைவு.

எஸ்எம்பிஎஸ்ஸும் சிறியதாக வேண்டும். எஸ்எஃப்எக்ஸ் என்ற வகை 125 மில்லிமீட்டர் அகலம், 100 நீளம், 63.5 உயரம். வாட்ஸ் ஒன்றாக இருந்தாலும் விலை சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைவிடக் கூடுதல். மின்வாரியப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் மதியம் 2 மணிக்கு வரும் நாட்களை நினைத்து யுபிஎஸ் போடுகிறவர்கள் கவனிக்க: 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். 88 வாட் பிராசஸரும் 180 வாட் கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் அதன் விளிம்பைத் தொட்டுவிடும்.

ரைசர் கேபிளைப் பற்றி ஒரு பழைய கதை சொல்லவேண்டும். என்இசட்எக்ஸ்டி நிறுவனம் 2020-ல் எச்1 என்ற கேபினட்டை வெளியிட்டது. எஸ்எம்பிஎஸ், வாட்டர் கூலர், ரைசர் எல்லாம் பொருத்தியே வந்தது. சிறிய கேபினட்டுக்குப் புதியவர்கள் விரும்பி வாங்கினார்கள். ரைசரைக் கேபினட்டோடு இறுக்கும் இரும்புத் திருகு, அதன் சர்க்யூட் போர்டில் 12 வோல்ட் ஓடும் தடத்தைத் தொட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும் என்று பிறகு தெரிந்தது. முதலில் நைலான் திருகு அனுப்பிப் பார்த்தார்கள். என்றைக்காவது யாராவது அந்த இடத்தில் மறுபடி இரும்புத் திருகை மாட்டினால் என்ன ஆகும் என்ற விமர்சனம் எழுந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் மூலம் கேபினட்டையே திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. விலை மலிவு என்பதற்காகப் பெயர் தெரியாத ரைசரை வாங்குகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. அவ்வளவு பயங்கரமில்லாத ஒரு கோளாறும் ரைசரில் அடிக்கடி வரும். இணைப்பு வேகத்தில் கார்டு நான்காம் தலைமுறை, கேபிள் மூன்றாம் தலைமுறை என்றால் திரை கறுப்பாகவே நிற்கும். பயோஸில் மூன்றாம் தலைமுறை என்று கையால் மாற்றினால் உயிர் வரும். கார்டு கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடுவதற்கு முன் செய்யவேண்டிய முதல் சோதனை இது.

ரிச்சி தெருவிலிருந்து பல்லாவரம் சந்தை வரை

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம், இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு. சென்னையைச் சேர்ந்த ஜெப்ரானிக்ஸ் உட்படப் பல கம்பெனிகளின் கேபினட்டுகள் அங்கே கூரை வரை அடுக்கியிருக்கும். கண்ணில் அதிகம் படுபவை டவர்கள். மினி ஐடிஎக்ஸ் என்று கேட்டால், "ஆர்டர் போட்டாத்தான் வரும் தம்பி, மைக்ரோ பாருங்களேன்" என்பார்கள். விற்காத சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று முகம் சுளிக்கவேண்டாம். அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது.

மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கு, அதே சிப்செட் கொண்ட, அளவில் சற்றுப் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிடச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகும். ராம் செருக இரண்டே இடம், கார்டு செருக ஒரே இடம். எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கூடுதல் விலை, நல்ல குட்டைக் கூலருக்குக் கூடுதல் விலை, எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்தக் கூடுதல் பணத்தில் கிராஃபிக்ஸ் கார்டை ஒரு படி மேலே ஏற்றிவிடலாம். 2024-ல் டேன் கேஸஸும் லியன் லீயும் சேர்ந்து கொண்டுவந்த ஏ3 மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட் 26.3 லிட்டர். சாதாரண எஸ்எம்பிஎஸ் போகும், 165 மில்லிமீட்டர் கூலர் போகும், பக்கமெல்லாம் துளை. வாட்டர் கேனைவிட ஆறு லிட்டர் பெரியது, அவ்வளவுதான். மேஜை மூலையில் நிற்கும், காற்றும் போகும். மொத்தம் எழுபது எண்பதாயிரத்துக்குள் கம்ப்யூட்டர் முடியவேண்டும் என்பவர்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். சிறிய வடிவச் சங்கத்தார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சிலருக்கு இன்னொரு சந்தேகம் இருக்கும். 2023 ஆகஸ்ட் 3 அன்று மத்திய அரசு இறக்குமதிக் கட்டுப்பாடு அறிவித்தபோது, லேப்டாப், டேப்லெட்டோடு மிகச் சிறிய வடிவக் கம்ப்யூட்டர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பிறகு அது தள்ளிப்போய் ஆன்லைன் அனுமதி முறையாக மாறியது. அது முழுதாகச் செய்து வரும் கம்ப்யூட்டர்களுக்கு. பாகம் பாகமாக வாங்கி நாமே அசெம்பிள் செய்வதை அது தொடவில்லை.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். மெல்லிய அலுமினியத் தகடு வரும் வழியில் நசுங்கியிருந்தால் அதுதான் சாட்சி. பெட்டி வந்ததும் கார்டை மட்டும் முதலில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் முடிவெடுக்கவேண்டும். அசெம்பிள் செய்வதிலும் வரிசை முக்கியம். போர்டை உள்ளே வைப்பதற்கு முன்பே பிராசஸர், கூலர், ராம், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் மாட்டி, வெளியிலேயே ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிடுங்கள். உள்ளே போன பிறகு விரல் போகாது.

ஜிஎஸ்டி சாலையை ஒட்டி வீடு இருந்தால் தூசிதான் அடுத்த எதிரி. வலை எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு தூசியும் உள்ளே வரும். சின்னப் பெட்டியில் கூலரின் இதழ்கள் நெருக்கமானவை, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ் போடவேண்டும். தரையில் வைக்காமல் மேஜைமேல் வைத்தாலே பாதித் தூசி குறையும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் பல்லியும் எறும்பும் கதகதப்பைத் தேடி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் குடியேறுவது நம் ஊர்ச் சமாச்சாரம். எந்தக் கம்பெனியின் குறிப்பேட்டிலும் அது இருக்காது. பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட் ஓட்டைகளைத் தகடு போட்டு மூடினால் பல்லி நுழையும் பெரிய வழி அடைபடும்.

காசு குறைவாக இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை இருக்கிறது. பழைய டிரங்க் சாலையில் செடி, புறா, சைக்கிள், கட்டில் எல்லாவற்றையும் தாண்டிப் போனால் பழைய கம்ப்யூட்டர்ச் சாமான்கள் தரையில் விரித்திருக்கும். ஆபீஸ்கள் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டாப்புகள் அங்கே கிடைக்கும். குட்டைக் கார்டு ஒன்று செருகிப் பழைய கேம்கள் ஆடப் போதும் என்று வாங்குகிறவர்கள் உண்டு. வாங்குமுன் இரண்டைப் பாருங்கள். அவற்றின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனிக்கென்றே செய்த அளவு, கெட்டால் கடையில் மாற்று கிடைப்பது கடினம். கார்டுக்குத் தனிப் பவர் கேபிளும் வராது, எனவே ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் அதில் வேலை செய்யும். திருகு, ஃபேன், ஃபேன் வலை, டேட்டா கேபிள் தாராளமாக அள்ளிக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பில்லோடும் வாரண்டியோடும் கடையில் புதிதாக வாங்குங்கள்.